போர்கில்ட் டால்: ஒற்றைக் கண்ணின் ஓரத்தில் உலகம் பார்த்த ஆசிரியை

விளையாடிய பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தரையில் கிழித்த கட்டங்கள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. நம் ஊரில் பாண்டி என்றும் தெங் தெங் என்றும் சொல்கிறோமே, அதே மாதிரியான ஆட்டத்தின் கட்டங்கள்தான் அவை. ஒரு சிறுமி மட்டும் இன்னும் போகவில்லை. முட்டி போட்டு, முகம் தரையைத் தொட்டுவிடும் அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு கோட்டையும் தவழ்ந்தபடியே பார்த்துக்கொண்டு போகிறாள். எந்தக் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது, அடுத்த கட்டத்துக்கு எத்தனை அடி என்று எல்லாவற்றையும் மனத்தில் ஏற்றிக்கொள்கிறாள். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடும்போது அவளுடைய கால் சரியான கட்டத்தில் விழும். அவள் கோட்டைப் பார்த்து ஆடவில்லை, நினைவில் வைத்துத்தான் ஆடுகிறாள் என்பது கூட ஆடுகிறவர்களுக்குத் தெரியாது.

இது நடந்தது அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், 1890களில். அந்தச் சிறுமியின் பெயர் போர்கில்ட் டால். நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய குடும்பத்தின் மகள். பின்னாளில் ஆசிரியை, கல்லூரிப் பேராசிரியை, பல நூல்களின் ஆசிரியர். டேல் கார்னகியின் தன்முன்னேற்ற நூல்களைப் படித்தவர்கள் இந்தப் பாண்டி ஆட்டக் கதையை எங்கோ படித்ததாக உணரக்கூடும். கவலையை விட்டு வாழ்வது எப்படி என்று 1948இல் அவர் எழுதிய நூலில் போர்கில்ட் டாலுக்குச் சில பத்திகள் ஒதுக்கியிருக்கிறார். உலகின் பல மொழிகளுக்குச் சென்ற நூல் அது. ஆனால் சில பத்திகளில் அடங்குகிற வாழ்க்கை அல்ல இது. கார்னகி சொல்லாத பகுதியில்தான் மாணவர்களாகிய உங்களுக்கு அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு கண். அந்த ஒரு கண்ணிலும் தடித்த தழும்புகள் மூடியிருந்தன. கண்ணின் இடப்பக்கத்தில் மிகச் சிறிய ஓர் இடைவெளி மட்டும் தழும்பில்லாமல் தப்பியிருந்தது. உலகம் முழுவதையும் அவர் அந்த ஓட்டை வழியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. மழை நாளில் பேருந்துக் கண்ணாடி முழுக்கப் பனி மூட்டம் படிந்திருக்க, ஓர் ஓரத்தில் மட்டும் விரல் நுனியால் துடைத்த சின்ன வட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தில் கண்ணை வைத்துத்தான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை அடையாளம் காண வேண்டும். புத்தகம் படிக்க அவர் அதை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பார். கண்ணை முடிந்த மட்டும் இடப்பக்கம் திருப்புவார். பெரிய எழுத்துப் புத்தகமாக இருந்தாலும் இமை முடிகள் தாளில் உரசும்.

பார்வை என்றால் ஒன்று இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடுவில் நீண்ட ஒரு பாதை இருக்கிறது. நல்ல கண் உள்ளவர் 60 மீட்டர் தூரத்திலிருந்து அடையாளம் காண்பதை 3 மீட்டர் அருகில் வந்தும் பார்க்க முடியாதவரைத்தான் உலகச் சுகாதார நிறுவனம் பார்வையற்றவர் என்று கணக்கிடுகிறது. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியும், எழுத்து தெரியாது என்று அந்த எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். முழுதும் பார்வையற்றவருக்குக் கையில் வெள்ளைக் கோல் இருக்கிறது, பார்க்கிறவர்கள் வழிவிடுகிறார்கள். பாதிப் பார்வை உள்ளவரைப் பார்த்து, ஏன் வணக்கம் சொல்லாமல் போகிறாய், திமிரா என்று கேட்கிறார்கள். போர்கில்ட் வாழ்ந்தது இந்த நடுப்பாதையில்தான்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. அதன் வளாகம் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் தெபிங்கில் இருக்கிறது. அதனால் பயிற்சிக்கும் வேலைக்கும் வந்த பார்வையற்றோர் பலர் அந்த வட்டாரத்திலேயே தங்கினார்கள். உடம்புப்பிடி நிலையங்கள் வைத்துப் பிழைக்கிறார்கள். நடைபாதைகளில் மேடு தட்டிய மஞ்சள் தடங்கள் பதிக்கப்பட்டிருப்பது அவர்களுடைய கால்களுக்காக. அந்தத் தடத்தின் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களும் அதே பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இருக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போர்கில்ட் பிறந்தது 1890 பிப்ரவரி 5ஆம் நாள். அவருடைய பெற்றோர் ஏன் நார்வேயை விட்டு வந்தார்கள் என்று கேட்டால், அது அந்தக் குடும்பத்தின் கதை மட்டும் அல்ல. மலையும் பனியும் கடலும் நிறைந்த அந்த நாட்டில் பயிர் செய்யத் தக்க நிலம் மிகக் குறைவு. அப்பனுடைய துண்டு நிலம் மூத்த மகனுக்குப் போனால் இளையவர்களுக்குக் கூலி வேலைதான். 1825இல் ரெஸ்டோரேஷன் என்ற சிறு கப்பலில் 52 பேர் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஒரு குழந்தை பிறந்ததால் கரை இறங்கியபோது 53 பேர். அங்கே தொடங்கிய பயணம் நூறு ஆண்டுகளில் எட்டு லட்சம் பேரைக் கடல் கடத்தியது. 1900இல் நார்வேயின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 22 லட்சம்தான். அமெரிக்க அரசு 1862இல் கொண்டுவந்த சட்டப்படி, குடியேறி உழுபவருக்கு 160 ஏக்கர் நிலம் கிடைக்கும் என்ற செய்தி கடிதங்கள் வழியே ஊர் ஊராகப் பரவியது. மினசோட்டா, டகோட்டா சமவெளிகள் நார்வேக்காரர்களால் நிறைந்தன. மினியாபொலிஸ் அவர்களுடைய நகரமாகவே ஆனது.

இதே பத்தாண்டுகளில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய நம்மவர்கள் பினாங்கில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து படித்தவர்கள் ரயில்வே வேலைக்கு வந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தார்கள். இன்று கிள்ளான் துறைமுகம் என்கிறோமே, அன்றைய போர்ட் சுவெட்டன்ஹம், 1901இல் திறக்கப்பட்டபோது போர்கில்டுக்கு வயது பதினொன்று. ஒரு பெரிய வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. நார்வே உழவனுக்கு நிலம் சொந்தமாகக் கிடைத்தது. தோட்டத்துக்கு வந்த நம்மவருக்கு லயத்தில் ஓர் அறை கிடைத்தது. ஆனாலும் குடியேறியவர் பிள்ளைகளின் நிலை ஒரு விதத்தில் எங்கும் ஒன்றுதான். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி. பாட்டி சொல்லும் ஊர் ஒன்று, தான் நிற்கும் ஊர் வேறு. போர்கில்ட் பின்னர் எழுதிய கதைகள் பலவற்றில் வரும் பெண்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களே.

அந்தச் சிறுமி பள்ளிக்குப் போனாள். மற்றவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்தாள். தன்னை யாரும் பாவம் என்று பார்ப்பதை அவள் விரும்பவில்லை. தனியாக ஒதுக்கி வைப்பதை அதைவிட விரும்பவில்லை. அதற்காகத்தான் தவழ்ந்து தவழ்ந்து கோடுகளை மனப்பாடம் செய்தாள். ஓடிப் பிடிக்கும் ஆட்டங்களிலும் தேர்ந்துவிட்டாள். ஏனென்றால் விளையாடும் மைதானத்தின் ஒவ்வோர் அங்குலமும் அவளுக்கு அத்துப்படி.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இங்கே கைதட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எத்தனை உழைப்பு பாருங்கள்! மற்றப் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை இவள் இரண்டு மடங்கு நேரம் கொடுத்து வாங்குகிறாள். அதைச் செய்ததை யாரும் அறியாமல் மறைக்கவும் வேண்டியிருக்கிறது. அன்று அவளுக்கு வேறு வழி அதிகம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் நம் நாட்டில் 2008இல் வந்தது. அமெரிக்காவிலேயே 1990இல்தான் வந்தது; அதற்குள் அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே அவர் மறைத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்று கிள்ளானிலோ ஷா ஆலாமிலோ வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வெண்பலகையில் இருப்பது தெரியாமல் பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும் மாணவன், இவர் கதையைப் படித்துவிட்டு மேலும் மறைக்கத் தொடங்கினால் அது பெருந்தவறு. அவனுக்குத் தேவை ஒருவேளை ஒரு மூக்குக் கண்ணாடி மட்டும்தான். வீட்டில் அம்மாவிடம் ஒரு சொல் சொன்னால் முடிகிற காரியத்தைப் பல பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறார்கள். கடைசியில் கணக்கு வரவில்லை, மந்தம் என்ற பெயர்தான் மிஞ்சுகிறது.

போர்கில்டின் படிப்பு நிற்கவில்லை. மினியாபொலிஸில் உயர்நிலைப்பள்ளி முடித்து, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை. அவர் எடுத்தது இலக்கியம். படிப்பிலேயே அதிகப் பக்கங்கள் புரட்ட வேண்டிய படிப்பு அது! ஒலிநாடா, திரையில் எழுத்தைப் பெரிதாக்கும் கருவி, வாய்விட்டுப் படித்துக் காட்டும் கைப்பேசி, எதுவும் இல்லாத காலம். இமை உரச உரச ஒவ்வொரு வரியாகத்தான் அத்தனையையும் படித்திருக்கிறார். எஸ்.பி.எம். தேர்வுக்கு முந்திய மாதம் கண் எரிகிறது என்று புத்தகத்தை மூடி வைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். நான் குத்திக் காட்டவில்லை. என் பள்ளி நாட்களில் நானும் மூடி வைத்தவன்தான்.

ஆசிரியப் பணியை அவர் தொடங்கிய இடம் ட்வின் வேலி. மினசோட்டாவின் வடமேற்கு மூலையில் உள்ள சிற்றூர். அந்த மாவட்டத்தின் பெயரே நார்மன். அங்கே வந்து குடியேறிய நார்வேக்காரர்களை வைத்து அமைந்த பெயர். பள்ளியில் தன் பெற்றோரைப் போன்ற குடியேறிகளின் பிள்ளைகள். ஒரு வகுப்பை நடத்துவது என்றால் என்ன என்று யோசியுங்கள். முப்பது முகங்களையும் அடையாளம் கண்டு பெயர் சொல்லி அழைக்க வேண்டும். கடைசி வரிசையில் யார் பேசுகிறான் என்று பார்க்க வேண்டும். கட்டுரைகளைக் கட்டுக் கட்டாகத் திருத்த வேண்டும். பார்வை நன்றாக இருக்கும் ஆசிரியர்களே திணறுகிற வேலை இது. இதை அவர் அந்த ஒரு சிறிய ஓட்டை வழியாகச் செய்தார். பின்னர் வேறு ஊர்களின் பள்ளிகளிலும் பணியாற்றித் தலைமையாசிரியராகவும் உயர்ந்தார்.

அந்தக் காலத்தை ஒரு செய்தியால் அளந்து பார்க்கலாம். அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை 1920இல்தான் அரசமைப்பு வழியே உறுதியானது. அப்போது போர்கில்டுக்கு முப்பது வயது. அவர் பெற்றோர் விட்டு வந்த நார்வேயோ 1913லேயே அதைக் கொடுத்துவிட்டது. இன்னொரு செய்தியும் உண்டு. முதல் உலகப் போர் நடந்தபோது ஆங்கிலம் தவிர்த்த மொழிகள் மீது அமெரிக்காவில் வெறுப்பு கிளம்பியது. மினசோட்டாவை ஒட்டியுள்ள ஐயோவா மாநிலத்தின் ஆளுநர், 1918 மே மாதத்தில், பள்ளியிலும் பொது இடத்திலும் தேவாலயத்திலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலமே பேச வேண்டும் என்று அறிவித்தார். குறி வைத்தது ஜெர்மன் மொழியை என்றாலும் நார்வே மொழிக்காரர்களும் சேர்த்து அடிபட்டார்கள். பிரசங்கம் புரியாத கிழவிகள் தேவாலயத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பல குடும்பங்கள் பிள்ளைகளிடம் தாய்மொழி பேசுவதையே விட்டுவிட்டன. தமிழ்ப்பள்ளியில் படித்த உங்களுக்கு இதன் வலி புரியும்.

போர்கில்ட் இதற்கு எதிர்த்திசையில் நடந்தார். அமெரிக்க ஸ்காண்டிநேவிய அறக்கட்டளையின் உதவித்தொகை பெற்ற முதல் பெண்களுள் ஒருவராக, கடல் கடந்து நார்வேக்குப் போனார். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் படித்தார். பெற்றோர் ஏழ்மையால் விட்டு வந்த நாட்டுக்கு மகள் உதவித்தொகையோடு திரும்பிப் போனாள். தாத்தா கப்பலேறிய சிற்றூரைத் தேடிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கமோ சேலத்துப் பக்கமோ போய் வந்தவர்கள் உங்கள் உறவிலும் இருப்பார்கள். அந்த அனுபவம் அவரவர்க்கு ஒரு விதம். போர்கில்டுக்கு அது எழுத்தாக மாறியது. நார்வேயைப் பற்றிய அவருடைய நூல் 1935இல் வெளிவந்தது.

அந்த நூல் வந்தபோது அவர் கல்லூரிப் பேராசிரியை. தெற்கு டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரில் அன்று அகஸ்டானா கல்லூரி இருந்தது. நார்வே லூத்தரன் சபையினர் வளர்த்த நிறுவனம். அங்கே 1926 முதல் 1939 வரை 13 ஆண்டுகள் இலக்கியமும் இதழியலும் கற்பித்தார். இதழியல் கற்பித்தவருக்குச் செய்தித்தாளின் பொடி எழுத்து எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போதே நமக்குக் கண் வலிக்கிறது. வகுப்போடு நிற்கவில்லை. மகளிர் மன்றங்களில் உரையாற்றினார். வானொலியில் நூல்களைப் பற்றியும் எழுத்தாளர்களைப் பற்றியும் பேசினார். வானொலி அவருக்கு நல்ல நண்பன் என்று சொல்ல வேண்டும். அங்கே பேசுபவரும் கேட்பவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லார்க்கும் ஒரே தராசு.

1930களின் டகோட்டா என்பது வறுமையின் மறுபெயர். உலகப் பொருளாதார வீழ்ச்சி ஒரு பக்கம். வறட்சியும் மண்புயலும் மறு பக்கம். அதே வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்து மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கே உழவர்கள் நிலத்தை விட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த மாணவர்களுக்குத்தான் அவர் கவிதையும் நாவலும் நடத்திக்கொண்டிருந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பயம் அவரை விடவே இல்லை. மிச்சம் இருக்கும் அந்த ஓட்டையும் ஒரு நாள் மூடிக்கொண்டால்? அந்தப் பயத்தை வெல்லவே எப்போதும் கலகலப்பாக, சில வேளை அளவுக்கு மீறிய சிரிப்போடு இருந்ததாக அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார். வகுப்பில் எப்போதும் சிரிக்க வைக்கும் தோழியோ தோழனோ உங்களுக்கும் இருக்கலாம். சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

1943இல் மினசோட்டாவின் ராச்செஸ்டர் நகரில் உள்ள புகழ்பெற்ற மேயோ மருத்துவமனையில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. உலகம் போரில் எரிந்துகொண்டிருந்த நேரம். அவருடைய பெற்றோரின் நார்வே 1940 முதல் ஜெர்மானியர் பிடியில். மலாயா ஜப்பானியர் பிடியில். தோட்டத்துத் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட அதே ஆண்டு. ஒரு மருத்துவமனை அறையில் இந்த ஆசிரியைக்குக் கட்டு அவிழ்த்தபோது, முன்பைவிட நாற்பது மடங்கு நன்றாகக் கண் தெரிந்தது.

அதன் பிறகு அவர் பார்த்தவை என்ன? பெரிய அருவியோ மலையோ அல்ல. பாத்திரம் கழுவும் தொட்டியில் சோப்பு நுரை. அதைக் கையில் அள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஒவ்வொரு குமிழிக்குள்ளும் சின்னஞ்சிறு வானவில்! தொட்டிக்கு மேலே இருந்த சன்னல் வழியே பார்த்தால், கொட்டும் பனிக்கு நடுவே சிட்டுக்குருவிகள் சாம்பலும் கறுப்புமான சிறகை அடித்துப் பறந்துகொண்டிருந்தன. ஐம்பது ஆண்டுகளாக எல்லார் வீட்டுச் சமையலறையிலும் இருந்தது இது. அவருக்கு மட்டும் அன்றுதான் கிடைத்தது.

மறு ஆண்டே, 1944இல், மேக்மில்லன் நிறுவனம் அவருடைய தன்வரலாற்றை வெளியிட்டது. நான் பார்க்க விரும்பினேன் என்ற பொருள்படும் தலைப்பு. அந்த நூல்தான் கார்னகியின் கைக்குப் போனது. நம்மிடம் இருப்பதை எண்ணிப் பார்க்காமல் இல்லாததை எண்ணிக் கவலைப்படுகிறோம் என்ற கருத்துக்கு எடுத்துக்காட்டாக, சோப்புக் குமிழியையும் சிட்டுக்குருவியையும் அவர் எடுத்துக்கொண்டார். கருத்தில் பிழையில்லை. ஆனால் அந்த வடிவத்தில் கேட்டால், போர்கில்ட் டால் என்பவர் சிறு சிறு பொருள்களில் மகிழ்ச்சி காணத் தெரிந்த ஒரு நல்ல அம்மையார் என்று மட்டுமே மனத்தில் பதியும். இருப்பதை வைத்து மனம் நிறைந்துகொண்டவர் அல்ல அவர். நூலின் தலைப்பையே மறுபடி பாருங்கள். பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அதற்காக இமையைத் தேய்த்துக்கொண்டு இரண்டு பட்டங்கள் வாங்கியவர். முழுதும் போய்விடலாம் என்று தெரிந்தும், ஐம்பது வயதுக்கு மேல் அந்த ஒரே கண்ணை அறுவைக்குக் கொடுத்தவர்.

அடுத்த ஆண்டுகளில் எழுத்து வேகமெடுத்தது. இளையோருக்கான புதினங்கள் தொடர்ந்து வந்தன. 1947இல் கேரன், 1953இல் ஹோம்கமிங், இன்னும் பல. குடியேறிய நார்வேக் குடும்பங்களின் பெண்கள், அவர்களுடைய வேலை, படிப்பு, வீட்டுக்கும் புது நாட்டுக்கும் நடுவில் அவர்கள் படும் இழுபறி, இவைதான் அவருக்குப் பிடித்த பொருள். பெரும் இலக்கியம் என்று விமர்சகர்கள் கொண்டாடியவை அல்ல இவை. பள்ளி நூலகங்களில் பதின்ம வயதுப் பெண்கள் எடுத்துப் படிக்கும் வகை. தங்கள் பாட்டியின் பேச்சும் சமையலும் அச்சில் வருவதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அதன் மதிப்பு தெரியும். தோட்டப்புற வாழ்க்கையை எழுதிய நம் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைப் படித்துவிட்டு, இது எங்கள் லயம் மாதிரியே இருக்கிறதே என்று சொன்னவர்கள் எத்தனை பேர்!

நார்வே அரசும் அதை அறிந்திருந்தது. 1950இல் மன்னர் ஏழாம் ஹாக்கன் அவருக்குப் புனித ஓலாவ் பதக்கம் வழங்கினார். வெளிநாடுகளில் நார்வேயின் பெயரைப் பரப்பியோருக்காக 1939இல் ஏற்படுத்தப்பட்ட பதக்கம் அது. கூலி தேடிப் போன குடும்பத்தின் மகளைத் தேடி அரசனின் பதக்கம் கடல் கடந்து வந்தது.

கதையை இங்கே முடித்துவிடத்தான் பலருக்கும் பிடிக்கும். வாழ்க்கை முடிக்கவில்லை. அறுவைச் சிகிச்சை கொடுத்த பார்வை நிலைக்கவில்லை. வாழ்நாள் முழுதும் அஞ்சியது கடைசியில் நடந்தே விட்டது. அந்த ஒரு கண்ணும் இருண்டது. பார்க்கவே முடியாதிருந்து பார்க்கத் தொடங்குவது ஒரு மாற்றம். பார்த்துவிட்டு அதை இழப்பது வேறு. வானவில் எப்படி இருக்கும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

சிறு வயதில் தவழ்ந்து கோடு படித்தவர், முதிய வயதில் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றார். கோல் பிடித்துத் தெருவில் நடப்பது, அடுப்படியில் சூட்டுக்கும் கத்திக்கும் தப்புவது, பார்க்காமலே தட்டச்சு செய்வது. இந்தக் கல்வி எவ்வளவு கடினம் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் பயிற்சி மையத்தில் கற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் ஓசையாலும் தொடுதலாலும் உலகைக் கட்டிக்கொண்டே வளர்கிறார்கள். நடுவயதில் இழந்தவர்களுக்கோ கை ஒன்றைத் தேடும், மனம் இன்னொன்றைப் பார்க்கும். தேநீர்க் குவளையில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிவதற்கே புதிதாகப் பழக வேண்டும். இம்முறை போர்கில்ட் எதையும் மறைக்கவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் தவழ வேண்டிய தேவையும் இல்லை. கற்றதையெல்லாம் எழுதி நூலாக்கி, 1962இல் வெளியிட்டார். என் வழியைத் தேடி என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அப்போது அவருக்கு வயது 72. அதற்குப் பிறகும் எழுதினார்.

முதல் தன்வரலாற்றையும் இந்த நூலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவருடைய மாற்றம் தெரிகிறது. சிறுமி போர்கில்ட் யாருக்கும் தெரியாமல் வழியைக் கற்றாள். கிழவி போர்கில்ட் தான் கற்ற வழியை, பின்னால் வருகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று அச்சில் போட்டார். நாற்பது ஆண்டுக்கு மேல் பிறருக்குப் பாடம் சொல்லியும் எழுதியும் வந்தவரின் பழக்கமும் இதில் சேர்ந்திருக்கும்.

1984 பிப்ரவரியில், 94 வயது நிறைந்த சில நாட்களில், போர்கில்ட் டால் மினசோட்டாவில் காலமானார். அவரைச் சில பத்திகளில் உலகுக்கு அறிமுகம் செய்த டேல் கார்னகி 1955லேயே இறந்துவிட்டார். 1962இல் வந்த நூலை அவர் படிக்கவில்லை. அதனால் அவருடைய பக்கங்களில் இன்றுவரை ஓர் அம்மையார் சன்னலோரம் நின்று, கையில் சோப்பு நுரையோடு, பனியில் பறக்கும் குருவிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.